மடிநோயும் கொல்லாமையும்



கொல்லாமை நம் அறங்களுள் தலையாயது. மடிநோய் முற்றிக் காம்பு பழுதுற்ற பசுவைப் பலர் சந்தைக்கு ஓட்டிவிடுகின்றனர். அங்கிருந்து அது எங்குச் செல்லும் என்பதை நாம் அறிவோம். ஆகவே, அந்நோயைத் தொடக்கத்திலேயே தீர்ப்பதும் கொல்லாமையின்பாற்படும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபுவழி மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து உழவர்க்குக் கற்பித்து வருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்தரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். பாலை முற்றும் கறந்து, மடியைக் கழுவி, விழுதில் ஒரு கைப்பிடியை நீரில் கரைத்து மடி முழுதும் பூசுதல் வேண்டும். நாளொன்றுக்கு 10 முறை என 5 நாள் செய்க. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சம் பாலில் கலப்பதைக் குறைக்கும் நோக்குடன் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் இம்முறையைப் பரப்புகிறது.

எனினும், காய்ச்சல் கண்டாலோ, பாலில் குருதி தோன்றினாலோ, பசு தீனி மறுத்தாலோ கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். மரபு மருத்துவமும் நவீன மருத்துவமும் ஒன்றற்கொன்று துணையாகட்டும்.

பாலருந்தி வளர்ந்த நாம், பால் வற்றிய பின்னும் அப்பசுவைப் புரத்தல் நம் கடன்.