ஓய்வுக்குப் பின் மருந்து

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், ஓசூர் ஆலையில் உழைத்து 2024இல் ஓய்வு பெற்றவர், நீரிழிவு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டுவந்தார். “சம்பளம் நின்றால் ஈ.எஸ்.ஐ.யும் நின்றதுதானே, தம்பி?” என்றார்.

அவ்வெண்ணம் பிழை. ஐந்தாண்டேனும் அத்திட்டத்தில் இருந்து, வயது நிறைந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் அவருக்கும் துணைவிக்கும் மருத்துவம் உண்டென்பது விதி. முதலமைச்சர் காப்பீட்டின் 1,20,000 ரூபாய் வருமான வரம்பை அவர் குடும்பம் தாண்டியிருந்தது. 2024இல் மத்திய அரசு அறிவித்த ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீட்டுக்கோ 70 வயது நிரம்பவேண்டும். அதுவும் உள்நோயாளிக்கே, அன்றாட மாத்திரைக்கு அன்று.

“ஓய்வுக்குமுன் ஊதியம் 21,000 ரூபாயைக் கடந்ததா?” என்றேன். 2017இல் வைத்த அவ்வரம்பைக் கடந்து திட்டத்தினின்று நீங்கியோர் பலர். கடக்கவில்லை என்றார், பழைய அட்டையைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தார்.