டிசம்பரில் பட்டது, இப்போது சீப்பில்

(பெண்கள் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை, பிப்ரவரி 2024)

 

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இந்த மாதம் புதிய காரணம் ஒன்றைப் பார்க்கிறோம்: முடி கொட்டுகிறது. ஒரு சகோதரி 'முடி வளர்க்கும் சிகிச்சை'க்கென்று கம்மலை அடகு வைத்து வட்டிக்குப் பணம் வாங்கியிருக்கிறார். இன்னொரு வீட்டில், பெண் பார்க்க வருகிறவர்கள் முக்காட்டை விலக்கிப் பார்ப்பார்களோ என்று தாய்க்கு உறக்கமில்லை. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து மீன்பிடித் தொழில் நின்றது. 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உண்டு. பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. பெரிய அதிர்ச்சி, கடுங்காய்ச்சல், பிரசவம் போன்றவை வந்தால், வளர்கிற முடிகளில் பலவற்றை உடல் ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. அவை உடனே விழாது. இரண்டு, மூன்று மாதம் கழித்தே கொத்தாக வரும். அதற்குள் நாம் காரணத்தை மறந்து, ஷாம்பூவையும் லாரித் தண்ணீரையும் திட்டுகிறோம். கொரோனா வந்து போன பலருக்கும் இப்படித்தான் கொட்டியது. மன அழுத்த ஹார்மோன் முடி வேரின் செல்களை நீண்ட காலம் உறங்க வைக்கிறது என்று 2021இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டறிந்தார்கள்.

இதில் வேர் சாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது அடங்கி, முடி மீண்டும் வளரும். பழைய நீளம் வரத்தான் நாளாகும். விலை உயர்ந்த எண்ணெய் வாங்கியவருக்கும் வளரும், வாங்காதவருக்கும் வளரும். பெயர் மட்டும் எண்ணெய்க்கு!

அதற்காக எல்லாவற்றையும் கவலையின் தலையில் போட்டுவிடாதீர்கள். இரத்தசோகையாலும் தைராய்டு கோளாறாலும் முடி கொட்டும். காசு அளவில் வட்டமாக விழுந்தால் அது புழுவெட்டு. தலையில் அரிப்பு, புண் இருந்தாலும், ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: "கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு, கடன்காரர் அழைக்கும்போது போனை மனைவி கையில் கொடுக்காதீர்கள்.

அந்தச் சகோதரியின் கம்மலை மீட்க, வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து ஏற்பாடு செய்திருக்கிறோம். ஸ்டான்லிக்குத் துணை வேண்டுவோர் சனிக்கிழமைக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பெண் தொண்டர் ஒருவர் உடன் வருவார்.