முதல் நாளே வரப்பு கட்டணும்

(தலைப்பு: புது வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது பணிவா, வரம்பா? ‘வரம்பே’ என்ற அணியில் மயிலாடும்பாறையிலிருந்து வந்த ஒரு தாய் பேசியது.)



எனக்கு ஊர் தேனி மாவட்டம், மயிலாடும்பாறை. ஆண்டிபட்டியிலிருந்து கடமலைக்குண்டு வழியா பஸ் வரும். எங்க பக்கம் இலவம் மரம் நிறைய. அதனால ‘இலவு காத்த கிளி’ங்கிறது எங்களுக்குப் பழமொழி இல்லீங்க, கண்ணால பாக்குற சங்கதி. அந்தக் கிளி நான்தான். (சிரிப்பு)

1998-ல எனக்கு 18 வயசு. அப்பா வாங்கின கடன் கழுத்தை நெரிச்சது. மதுரையில ஒரு பெரிய ஜவுளிக்கடை, பேரு வேண்டாம், சேலைப் பிரிவுல சேர்ந்தேன். “புது இடத்துல குனிஞ்சு போ, மரியாதை தானா வரும்”னு எதிர் அணி அண்ணன் சொன்னாரே, அதையேதான் எங்க ஆத்தாவும் சொல்லி அனுப்புச்சு. குனிஞ்சுதான் போனேன்.

முதல் வாரம் சூப்பர்வைசர், “ஏம்மா, ஸ்டாக் எடுக்கணும், இன்னிக்கு ஒருநாள் மட்டும் இருந்துட்டுப் போ”ன்னார். இருந்தேன். ரெண்டாவது வாரம் அந்த ‘மட்டும்’ போயிருச்சு. மூணாவது வாரம் கேக்கிறதே நின்னு போச்சு. காலையில 9 மணிக்கு நின்னா ராத்திரி 10 மணி. சாப்பிட 20 நிமிஷம். உக்கார ஒரு முக்காலி கிடையாது. வாடிக்கையாளர் உக்காருவாங்க, அவங்க கொண்டு வந்த பை கூட நாற்காலியில உக்காரும், நாங்க நிப்போம். விடுதிக்கு வந்து செருப்பைக் கழட்டினா, வீங்கின காலுல வார் பதிஞ்சு கிடக்கும். பாத்ரூம் போனா எத்தனை நிமிஷம்னு நோட்டுல எழுதுவாங்க. தண்ணி குடிச்சாத்தானே போகணும்னு தண்ணி குடிக்கிறதையே குறைச்சோம். அதனால பல பிள்ளைகளுக்கு நீர்க்கடுப்பு.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லீங்க. நான் முகம் சுளிக்கல, அவர் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டார். தீபாவளி போனா சரியாகும், பொங்கல் போனா சரியாகும்னு 3 வருஷம் காத்திருந்தேன். காய் வெடிச்சுப் பஞ்சு பறந்ததுதான் மிச்சம்.

இதுல வேடிக்கை என்னன்னா, சட்டம் அப்பவே இருந்திருக்கு! நம்ம மாநிலத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. 4 மணி நேரம் வேலை பார்த்தா 1 மணி நேரம் ஓய்வு. ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு சம்பளம். எனக்கு யார் சொன்னாங்க?

எங்க கம்பத்தைத் தாண்டி மலை ஏறினா குமுளி, அந்தப் பக்கம் கேரளா. அங்க ஜவுளிக்கடைப் பெண்கள் ‘உக்கார விடுங்க’ன்னு போராடினாங்க, 2018-ல சட்டம் வந்தது. 2021-ல நம்ம தமிழ்நாட்டிலயும் கடைகள்ல இருக்கை போட்டே ஆகணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. அந்தச் சேதி டி.வி.யில வந்தப்போ நான் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். அப்படியே தரையில உக்காந்துட்டேன். (கைதட்டல்)

இப்ப என் மக கோயம்புத்தூர்ல ஒரு ஆபீஸ்ல சேர்ந்திருக்கா. உக்காந்து பாக்குற வேலைதான். ஆனா கையில போன் இருக்கே! முதல் வாரமே ராத்திரி 10 மணிக்கு வாட்ஸ்அப்ல வேலை வருது. “புதுசா சேர்ந்திருக்கேம்மா, என்ன செய்ய?”ன்னா.

வந்ததும் வராததுமா கண்டிஷன் போட்டா வேலை நிலைக்குமான்னு எதிர் அணி கேக்குறீங்க. நியாயமான பயம். கடன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சண்டை போடச் சொல்லல, வரப்பு கட்டச் சொல்றேன். புதுசா வயல் வாங்கினா முதல்ல வரப்பைத்தானே எடுத்துக் கட்டுறோம்? நாலு வருஷம் கழிச்சுக் கட்டப் போனா பக்கத்து வயக்காரருக்கு மனத்தாங்கல் வரும். முதல்லயே கட்டினா, ‘சரி, இதுவரைக்கும் அவங்களுது’ன்னு போயிருவார்.

என் மக எழுதினா: “பார்த்துட்டேன் சார், காலையில 9 மணிக்கு முதல் வேலையா முடிச்சுத் தர்றேன்.” எழுதிட்டுப் போனை அணைச்சுட்டா. அன்னிக்கு ராத்திரி அவளும் தூங்கல, நானும் தூங்கல. வேலை போச்சுன்னே நினைச்சோம். காலையில சொன்ன மாதிரி அனுப்பினா. அவரும் ‘நன்றி’ன்னு ஒரு வார்த்தை போட்டார்.

இன்னமும் மாசத்துல ரெண்டு தடவை ராத்திரியில கூப்பிடத்தான் செய்யுறார். ஆனா, “தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா”ன்னுதான் ஆரம்பிக்கிறார்.

நடுவர் ஐயா மணி அடிச்சுட்டாங்க. எனக்கும் ஆண்டிபட்டியில கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்.