கண்ணாடியில் மோதிய கிளி



திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கே, மலையடிவாரத்தை ஒட்டி, வெள்ளறடை என்றோர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து பனச்சமூட்டுச் சந்தையைக் கடந்தால் குமரி மாவட்டம் வந்துவிடும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தி வரையப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நாம் பிறந்த ஊர் இப்பால் ஆயிற்று; நம் தமக்கையார் பின்னாளில் வாழ்க்கைப்பட்ட வெள்ளறடை அப்பால் ஆயிற்று. ஆண்டுதோறும் விடுமுறைக்கு நாம் செல்வது அவ்வீட்டிற்குத்தான்.

முன்பு அஃது ஓடு வேய்ந்த வீடு. சன்னல்களில் மர அழிகள் இருந்தனவேயொழியக் கண்ணாடி என்பது கிடையாது. மைனாவும் தவிட்டுக்குருவியும் ஒரு சன்னல் வழியே நுழைந்து மறு சன்னல் வழியே போய்க்கொண்டிருக்கும். பின்னர் வளைகுடா நாட்டிலிருந்து வந்த பணத்தில் அவ்வீடு இடிக்கப்பட்டுப் புதுவீடு எழுந்தது. முன்கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி. எதிரே ரப்பர்த் தோட்டம். கும்ப மாதத்தில் ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விடும்போது அந்தத் தோட்டம் முழுவதும் கண்ணாடிக்குள்ளேயும் ஒருமுறை தளிர்க்கும். காண்பவர் வியப்பர். அக்காட்சியால் உயிரிழக்கக்கூடியவை உண்டு என்பதை அப்போது நாம் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பறவைக்குக் கண்ணாடி என்னும் பொருள் தெரியாது. நாம் சன்னற் சட்டத்தைப் பார்த்து, விரற்பட்ட கறையைப் பார்த்து, அங்கே ஒன்று இருக்கிறதென ஊகித்துக் கொள்கிறோம். நமக்கும் அது பிறப்பில் வந்த அறிவன்று. குழந்தைப் பருவத்தில் முட்டிக்கொண்டு கற்றது. பறவையோ எதிரில் மரத்தைக் கண்டால் மரம் என்றே கொள்ளும். வானத்தைக் கண்டால் வழி என்றே கொள்ளும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மூலன்பர்க் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டேனியல் கிளெம் என்பவர் 1970-களிலிருந்து இவ்வொன்றையே ஆராய்ந்து வந்தவர். அவருடைய நாட்டில் மட்டும் ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை பறவைகள் கண்ணாடியில் மோதி இறக்கின்றன என்று 1990-இல் அவர் கணித்தபோது பலர் நம்பவில்லை. 2014-இல் வேறு சிலர் தனியே செய்த கணக்கு 36 கோடிக்கும் 99 கோடிக்கும் இடைப்பட்டதாக வந்தது. 2023 அக்டோபர் 5-ஆம் நாள் சிக்காகோ நகரின் ஏரிக்கரையிலுள்ள மக்கார்மிக் பிளேஸ் என்னும் ஒரே கட்டடத்தின் அடியில், விடிந்ததும் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இறந்து கிடந்தன.

நம் பக்கத்திலும் இத்துயரம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பறவையாகிய மரகதப்புறா, காட்டோரத்துத் தோட்டங்களில் தரையை ஒட்டித் தாழ்வாக, மிக விரைவாகப் பறக்கும் இயல்புடையது. அதனாலேயே மலையடிவாரத்து வீட்டுச் சுவரிலும் கண்ணாடியிலும் அது மோதி விழுவதுண்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியும் இவ்வாறே களைத்து வந்து வீடுகளில் மோதும்.

ஆனால் இன்று நாம் பேச வந்தது வீட்டுப் பறவையைப் பற்றி.

நம் தமக்கையாரின் கடைசி மகள் ஒரு சிறு பச்சைக் கிளியை வளர்த்து வந்தாள். கடைக்காரர்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பார்களே, அதுதான். அதன் உண்மைப் பெயர் பட்ஜரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் பெருங் கூட்டமாகத் திரியும் இனம். 1840-இல் ஜான் கூல்டு என்னும் பறவையியலாளர் அதனை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்; அதன் பின்னரே அது உலகெங்கும் கூண்டுப் பறவை ஆயிற்று. எடை முப்பது நாற்பது கிராம்தான். ஒரு பெரிய நெல்லிக்கனியின் கனம். (நம் நாட்டுக் கிளியை, வெள்ளறடையில் தத்தை என்பார்களே, அதைக் கூண்டிலிட்டு வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். மைனாவுக்கும் அவ்விதியே. இதனைப் பலர் இன்றும் அறியார்.)

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கும்ப மாதப் பிற்பகல். பெண் கூண்டைத் திறந்து விட்டிருந்தாள். கிளி கூடத்தில் இருமுறை வட்டமிட்டது. மூன்றாம் முறை தளிர்த்த ரப்பர் மரங்களை நோக்கி நேரே சென்றது. ஒரு சிறு கல் விழுந்தாற்போன்ற ஓசை கேட்டது. தரையில் அது மல்லாந்து கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தமக்கையார் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். "தம்பி, பாத்துட்டு நிக்காத. இத்திரி வெள்ளம் குடு, தெளிஞ்சிரும்" என்றார். அவ்வூர்த் தமிழில் வெள்ளம் என்பது குடிநீர். நாம் கிளியைக் கையில் இறுக்கிப் பிடித்து, அலகைப் பிரித்து, தேக்கரண்டியால் நீர் விட்டோம். முதலில் சிறிது விட்டோம். அது விழுங்கவில்லை என்று கண்டு மேலும் சிறிது விட்டோம். கிளி ஒருமுறை உடலை உதறியது. பிறகு அசையவில்லை. மயக்கமுற்ற மனிதருக்கு முகத்தில் நீர் தெளிப்பதும் வாயில் நீர் விடுவதும் வழக்கமன்றோ? அந்த வழக்கத்தைத்தான் நாமும் செய்தோம். பெண் நம்மை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சில நாள் கழித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் நிகழ்ந்ததைச் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். பறவையின் நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. நினைவோடிருக்கும் பறவை விழுங்கும்போது அதனை மூடிக்கொள்ளும். நினைவிழந்த பறவையால் அஃது இயலாது. ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குச் செல்லும். இன்னொன்றும் சொன்னார். மனிதருக்கு மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் உண்டு. அதன் அசைவால் நாம் மூச்சு விடுகிறோம். பறவைக்கு அஃது இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உட்செல்லும். ஆகவே மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும். நாம் அவ்விரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருந்தோம்.

மோதிய பறவைக்கு உள்ளே நிகழ்வது என்ன? கழுத்து முறிந்துவிட்டதென்று மக்கள் சொல்வர். இறந்த பறவைகளை அறுத்து ஆராய்ந்த கிளெம், பெரும்பாலானவற்றில் கழுத்து முறியவில்லை என்றும், தலைக்குள் குருதி கசிந்ததே சாவுக்குக் காரணம் என்றும் கண்டார். மூளை அதிர்ந்து வீங்குகிறது. வெளிச்சமும் பேச்சரவமும் கைபடுவதும் அந்நேரத்தில் அதற்குத் துன்பத்தை மிகுவிக்கும். நம்முடைய தடவலும் கொஞ்சலும் அதற்குப் பருந்தின் பிடியாகவே தோன்றும்.

ஆதலின் செய்யவேண்டியது மிகக் குறைவு. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். பூனையையும் நாயையும் வெளியே அனுப்புங்கள். மெல்லிய துணியொன்றைப் பறவையின் மேல் போர்த்தி, மார்பை அழுத்தாமல், இரு கைகளையும் கிண்ணம்போற் குவித்து எடுங்கள். காலணி வரும் அட்டைப்பெட்டி போதும். அடியில் வழுக்காத துணி. பக்கங்களில் பென்சில் முனையால் சில துளைகள். கம்பு வைக்க வேண்டா; ஏறி விழும். நீர்க் கிண்ணமும் அப்போது வேண்டா. தலை சாய்ந்து அதிலேயே மூழ்கக்கூடும். துணியைச் சுருட்டி வளையமாக்கி அதன் நடுவே பறவையை நிமிர்த்தி இருத்தி, மூடியைச் சாத்தி, ஆளரவம் இல்லாத அறையில் வையுங்கள்.

சூடு காட்டலாமா என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் பகல் வெப்பமே பெரும்பாலும் போதும். மழைக்கால இரவானால், வெதுவெதுப்பான நீர் நிறைத்த புட்டியைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வெளியே சாய்த்து வைக்கலாம். வேண்டாமெனில் பறவை மறுபக்கம் நகர்ந்து கொள்ளும். மிகுந்த சூடு தலையடிக்கு ஆகாது.

எண்ணெய் தடவாதீர்கள், இறகுகள் ஒட்டிக்கொண்டு உடற்சூட்டைக் காக்கும் ஆற்றலை இழக்கும். மஞ்சளைக் குழைத்து அப்பாதீர்கள். நமக்கான வலி மாத்திரையில் ஒரு துணுக்கும் கொடாதீர்கள். குருதி வந்தால் தூய துணியால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். அச்சிறு கிளியின் உடலில் உள்ள குருதி முழுவதுமே ஏறத்தாழ மூன்று மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நமக்குச் சில துளிகளாகத் தோன்றுவது அதற்குப் பேரிழப்பு.

நாம் நடுவண் அரசில் மொழிபெயர்ப்பாளர். இருபதாண்டுகளாக அறிவிப்புகளையும் செயல்முறைக் குறிப்புகளையும் தமிழாக்கி வருகிறோம். 'செய்க' என்று முடியும் தொடர்களே அவற்றில் மிகுதி. பறவைக்கான குறிப்பை ஒருநாள் நாமே எழுதிப் பார்த்தபோது பாதிக்கு மேல் 'செய்யற்க' என்றே வந்தது. அலுவலகத்தில் அத்தகைய குறிப்பை மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

சென்ற ஆண்டு ஓண விடுமுறைக்குச் சென்றிருந்தோம். பெண் அதற்குள் வளர்ந்திருந்தாள். வேறொரு கிளி, நீலநிறம், வாங்கியிருந்தாள். திரையை இழுத்துவிட்ட பின்னரே கூண்டைத் திறப்பது அவள் வழக்கம். அன்று விருந்தினர் எவரோ வெளிச்சம் வேண்டித் திரையை விலக்கிவிட்டனர். அதே ஓசை கேட்டது. தமக்கையார் வாய் திறக்கவில்லை. பெண் நம் முகத்தைப் பார்த்தாள்.

துணி, பெட்டி, மூடி என எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தன. "மாமா, இனி நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"ஒண்ணும் செய்யாண்டாம் மக்களே, இரி" என்றோம்.

நேயர்களே, அந்த 'இரி' என்பதுதான் கடினம். அறையின் வெளியே, சுவரில் சாய்ந்து, நாங்களிருவரும் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். அரைமணிக்கு ஒருமுறை மூடியைச் சிறிதே தூக்கிப் பார்ப்பது என்று ஏற்பாடு. முதன்முறை பார்த்தபோது அது பந்துபோல் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கண்மூடி இருந்தது. பெண் அழுதாள், ஆனால் கையை நீட்டவில்லை. மூன்றாம் முறை பார்க்குமுன்பே உள்ளிருந்து துணியைக் கால்நகம் கீறும் ஓசை வந்தது.

எழுந்து நின்றதே, பிழைத்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடக்கூடாது. மூளை வீக்கம் சில மணி நேரத்திற்குப் பின்னும் மிகலாம். கண்மணிகள் இரண்டும் ஒரே அளவாயிருக்கின்றனவா, தலை ஒருபுறம் சாய்கிறதா, மூக்குத் துளையில் குருதி உண்டா, வாயைத் திறந்து வால் துடிக்க மூச்சு விடுகிறதா, ஒரு சிறகு தாழ்ந்து தொங்குகிறதா என்று கவனியுங்கள். ஒன்று கண்டாலும் பெட்டியோடு மருத்துவரிடம் செல்லுங்கள். இவை ஒன்றும் இல்லாவிடினும் அன்றோ மறுநாளோ காட்டிவிடுவதே நலம். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சென்னையில் 1903-லும், திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955-லும் தோன்றின. ஆயினும் நாட்டுப்புற மருத்துவமனைகளில் நாள்தோறும் வருவன பசுவும் ஆடுமே. பறவையைப் பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை இடர் நேருமுன் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நீலக்கிளியின் இடச்சிறகு சற்றே தாழ்ந்திருந்தது. தோளெலும்பில் அடி என்று சொல்லி, மூன்று வாரம் சிறு கூண்டிலேயே, தாழ்ந்த கம்பில் வைத்திருக்கும்படி மருத்துவர் கூறினார்.

காட்டுப் பறவை மோதி விழுந்தாலும் முதல் உதவி இதுவே. தெளிந்தவுடன் பெட்டியை மரங்களுக்கு அருகே, சன்னலுக்கு எட்டத்தில், வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பறந்துவிடும். பறக்காவிடில் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அழகாயிருக்கிறதே என்று வைத்துக்கொள்ளலாகாது.

இனி அக்கண்ணாடியைப் பற்றி. பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் போதுமென்பது வீண் நம்பிக்கை. படத்தை விட்டு விலகிப் பக்கத்துக் கண்ணாடியில் பறவை மோதும். இடைவெளி 5 சென்டிமீட்டருக்கு மிகாதபடி கண்ணாடி முழுவதும் குறிகள் இருக்கவேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய மூன்று விரற்கடை. அவை வெளிப்புறத்தில் இருப்பது இன்றியமையாதது, ஏனெனில் மரங்களின் பிரதிபிம்பம் அப்புறந்தான் விழுகிறது. சிக்காகோக் கட்டடத்தின் சன்னல்களில் 2024-இல் இவ்வாறு புள்ளிகள் ஒட்டியபின் அங்கே இறக்கும் பறவைகளின் தொகை மிகப் பெரும்பகுதி குறைந்துவிட்டது.

இதனைக் கேட்ட பெண் ஒரு சிறு தூரிகையும் வெள்ளைச் சாயமும் எடுத்து ஏணியில் ஏறினாள். கோலத்திற்குப் புள்ளி வைத்துப் பழகிய கை, வரிசை பிறழவில்லை. இவ்வளவு செலவிட்டுக் கண்ணாடி போட்டது அம்மைத் தழும்புபோல் புள்ளி குத்தவா என்று தமக்கையார் இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் காலையில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து மரகதப்புறா ஒன்று தாழ்வாக வந்தது. கண்ணாடிக்கு ஒரு முழத் தொலைவில் சட்டென்று மேலெழும்பிக் கூரையைத் தாண்டிப் போயிற்று. தமக்கையார் கையிலிருந்த துடைப்பத்தை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மேல் மூலையில் பெண்ணுக்கு எட்டாமல் விட்டுப்போன இடத்தைக் காட்டி, "தம்பி, அங்கயும் நாலு வச்சிரு" என்றார்.