மருத்துவரின் களைப்புக்கு மருந்து எது?



இரவுப் பணி முடிந்தும் உறங்காமல் பகல் பணியில் நிற்கும் இளம் மருத்துவருக்கு, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுமாறு அறிவுரை கூறப்படுகிறது. அவரது களைப்பு, அவருடைய சொந்தப் பலவீனமாகச் சித்தரிக்கப்படுகிறது.

உறைவிட மருத்துவர்களின் தொடர்பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதென 1992லேயே ஒன்றிய சுகாதார அமைச்சகம் வரையறுத்தது. 32 ஆண்டுகளுக்குப் பின், 2024இல், வாரத்திற்கு 74 மணி நேரத்திற்கு மேல் பணி கூடாதெனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைக்க வேண்டியிருந்தது. எட்டு மணி நேர வேலைக்காக 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினர். மருத்துவமனை வாசலுக்குள் அந்த உரிமை இன்னும் நுழையவில்லை.

ஓய்வு மட்டும் கிடைத்தால் போதுமா? நோய் இன்னதென அறிந்தும், நோயாளியிடம் பணமில்லாத காரணத்தால் அவரைத் திருப்பி அனுப்பும்போது மருத்துவரின் மனம் உடைகிறது. கற்ற கல்வி பயனற்றுப் போவதே அவரை வாட்டுகிறது.

இதற்கு விடை கண்ட ஊர் ஒன்று உண்டு. இன்றைய சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில், 1977 ஜூனில் இரும்புத்தாதுச் சுரங்கத் தொழிலாளர் 11 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். சங்கர் குஹா நியோகியின் தலைமையிலான சங்கம், அந்தத் தியாகிகளின் நினைவாக 1983இல் ஷஹீத் மருத்துவமனையைத் தொடங்கியது. தொழிலாளர்கள் தம் உழைப்பையும் நன்கொடையையும் தந்து அதை எழுப்பினர். சுரங்க வேலை முடிந்தபின் அவர்களே சுகாதாரப் பணியாளர்களாகவும் நின்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற குழந்தை நல மருத்துவர் பினாயக் சென், மருத்துவர் சைபால் ஜனா உள்ளிட்டோர் அங்கு பணிக்கு வந்தனர். தேவையற்ற மருந்துகளைத் தவிர்ப்பது அங்கு கொள்கையாயிற்று. வேலை அங்கும் கடுமையானதே. ஆனால் சிகிச்சையைத் தீர்மானித்தது நோயாளியின் தேவை. மருத்துவருக்குத் துணை நின்றது அமைப்பாகத் திரண்ட மக்கள்.

இத்தகைய தியாகத்தைச் சிலரிடம் எதிர்பார்த்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. சுகாதாரத்திற்கான அரசுச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. அந்த உறுதி நிறைவேற வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். பணி நேர வரம்பு சட்டமாக வேண்டும். மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் அனைவரும் நோயாளிகளுடன் கரம் கோர்த்து இக்கோரிக்கைகளுக்காகப் போராட வேண்டும். தொழிலின் பொருளை மருத்துவர் மீண்டும் கண்டடையும் இடமும் அந்தப் போராட்டக் களமே.