ஆட்டம் முடிந்த பிறகும் நாற்பது ஆண்டுகள்



இன்று பட்டம் பெற்றுத் தொழிலைத் தொடங்கப்போகிற உங்களிடம் தொழில் முடிவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை. ஆசிரியருக்கும் அலுவலருக்கும் அறுபது வயதில் எழும் ‘இனி என்ன?’ என்ற கேள்வி, கபடி வீரருக்கு முப்பத்தைந்துக்குள் எழுந்துவிடுகிறது. உடம்பு ஒத்துழைக்க மறுக்கும்போது அவருக்கு இன்னும் நாற்பது ஆண்டு வாழ்க்கை மிச்சமிருக்கிறது. பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பார்கள். அந்த நாற்பது ஆண்டுகளுக்கான ஆயத்தம், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்பதும், அதற்கு வழிசெய்து தரும் கடமை அந்த ஆட்டத்தால் பயன்பெறுகிற எல்லோருக்கும் உண்டு என்பதும்தான் இன்று நான் சொல்ல வந்தது. உங்கள் பட்டத்துக்கும் இது பொருந்தும்.

கபடி நம் மாநில விளையாட்டு. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மின்னொளிக் கபடிப் போட்டி நடக்காத கிராமம் தென் மாவட்டங்களில் குறைவு. 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு இந்த ஆட்டத்துக்குள் பெரும் பணம் வந்தது. முதல் ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. மண் தரையில் பாடிப் பழகிய பிள்ளைகளின் உழைப்புக்கு இப்படியொரு மதிப்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. சீசன் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. அவர் மீண்டு வந்தார். அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றார். அவருக்குக் கிடைத்த மருத்துவமும் ஓய்வும் அடுத்த ஒப்பந்தமும், அதே காயத்தோடு வீடு திரும்புகிற பெயர் தெரியாத வீரருக்குக் கிடைப்பது அரிது. ஏலத் தொகையைச் செய்தியில் படிக்கிற நாம், முழங்காலோடு முடிந்துபோன வாழ்க்கைகளைப் படிப்பதில்லை.

லீக் வருவதற்கு முன்பு இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. ரயில்வே, காவல்துறை, ராணுவம், வங்கி, மின்வாரியம் ஆகியவை வீரர்களுக்கு வேலை தந்தன. வீரர்கள் அந்த நிறுவனங்களின் அணிக்காக ஆடினார்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி என்ற சிற்றூரிலிருந்து வந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அர்ஜுனா விருது பெற்றார். 2025-இல் வெளிவந்த ‘பைசன் காளமாடன்’ படத்தால் இளைய தலைமுறையும் அவரை அறிந்துகொண்டது. அவருக்கு வேலை தந்தது மின்வாரியம். சம்பளம் லீக் தொகைக்குப் பக்கத்தில் வராது. ஆனால் மாதந்தோறும் வரும். கால் முறிந்தாலும் வரும். ஆட்டத்தை விட்ட பிறகும் வரும். அதைவிட முக்கியமாக, வீரர் என்ற அடையாளம் போன பிறகு காலையில் கிளம்பிப் போக ஓர் இடமும், செய்ய ஒரு பணியும் இருந்தன. தமிழ்நாடு அரசு இன்றும் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு வைத்திருக்கிறது. நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு மாத ஓய்வூதியமும் தருகிறது. அப்படியொரு ஓய்வூதியம் தேவைப்படுகிறது என்பதே, பதக்கம் மட்டும் ஒருவரை முதுமை வரை கொண்டு சேர்ப்பதில்லை என்பதற்குச் சான்று.

இதே சிக்கலைச் சந்தித்த இன்னோர் ஆட்டம், கபடியைப் போலவே ஓடிவருபவரை மடக்கிப் பிடித்து வீழ்த்தும் ரக்பி லீக். அதன் பிறப்பை, நூற்பாலைகளைச் சுற்றி வளர்ந்த இராஜபாளையத்துக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் சனிக்கிழமை ரக்பி ஆடினார்கள். ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்ட வடக்கத்திக் கழகங்கள், 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனிச் சங்கம் கண்டன. 1898-இல் வீரர்கள் பணம் வாங்கி ஆடலாம் என்று அந்தச் சங்கம் அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை: ஆடுபவர் நிரந்தரமாக ஒரு வேலையிலும் இருக்க வேண்டும். மீறியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1905-இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது, கைவிட்டதும் சரியே. உழைப்பாளி எப்படிப் பிழைக்க வேண்டும் என்று சங்கம் ஆணையிடக் கூடாது. ஆனால் ஆட்டத்தை மட்டும் நம்பி வாழ முடியாது என்ற, அந்த விதிக்குப் பின்னால் இருந்த உண்மை அதோடு ஒழிந்துவிடவில்லை. அதன்பிறகும் பல பத்தாண்டுகள் பெரும்பாலான வீரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினார்கள். 1996-இல் சூப்பர் லீக் வந்த பிறகே அங்கே முழுநேர ஆட்டம் பொதுவழக்கம் ஆயிற்று.

ஆடும்போதே அடுத்த வாழ்க்கைக்கு ஆயத்தமாக வேண்டும் என்ற என் வாதத்துக்கு முதல் மறுப்பு பயிற்சியாளர்களிடமிருந்து வரும். மனம் இரண்டாகப் பிரிந்தால் ஆட்டம் கெடும், உச்சம் தொட விரும்புகிறவன் வேறெதையும் நினைக்கக் கூடாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பயிற்சி நேரத்தைத் திருடி எந்த உயரத்தையும் எட்ட முடியாது. ஆனால் வரலாறு இந்த அச்சத்தை முழுவதும் ஆதரிக்கவில்லை. கபடி 1990-இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குள் வந்ததிலிருந்து 2014 வரை இந்திய ஆடவர் அணி தொடர்ந்து ஏழு தங்கம் வென்றது. அந்தக் காலத்து வீரர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள். முதன்முறையாகத் தங்கம் கைநழுவியது 2018-இல் ஜகார்த்தாவில், லீக் பணம் வந்த பிறகு, அரையிறுதியில் ஈரானிடம் தோற்றபோதுதான். பணத்தால் தோற்றோம் என்று நான் சொல்லவில்லை. ஈரான் வளர்ந்தது, அதன் வீரர்கள் நம் லீக்கிலேயே ஆடித் தேர்ந்தார்கள். வேலையோடு ஆடியவர்களால் உலகை வெல்ல முடிந்தது என்பது மட்டுமே என் வாதம். ஆஸ்திரேலியாவில் 2008-இல் தொடங்கிய இருபது வயதுக்குட்பட்டோர் ரக்பி லீக் போட்டியில், ஆடும் இளைஞர்கள் படிக்கவோ வேலை பார்க்கவோ வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அந்நாட்டு ரக்பி லீக் அதனால் தாழ்ந்துவிடவில்லை.

இரண்டாவது மறுப்பு, சேமித்துக்கொண்டால் போதாதா, பயிற்சியாளர் ஆகிவிட்டால் போதாதா என்பது. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனை எடுத்துக்காட்டுவார்கள். 2016-இல் நாற்பதைத் தாண்டிய வயதில் பாட்னா அணித் தலைவராக லீக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2024-இல் தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர் ஆனார். அவர் போற்றத்தக்கவர். ஆனால் லீக்கில் இருப்பவை பன்னிரண்டு அணிகள். பயிற்சியாளர் நாற்காலிகளும் அதற்கேற்பக் கொஞ்சமே. ஆண்டுதோறும் ஆட்டத்தை விடும் எல்லோருக்கும் அதில் இடம் இல்லை. சேமிப்பைப் பற்றிச் சொல்வதானால், பெருந்தொகை வாங்குபவர் சிலரே. உடம்புக்கு வரும் கேடு எவ்வளவு செலவு வைக்கும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரண்டு முன்னாள் ரக்பி லீக் வீரர்களின் மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோயைக் கண்டறிந்தார்கள். பிரிட்டனில் முன்னாள் வீரர்கள் பலர், எங்களைக் காக்கத் தவறினீர்கள் என்று தங்கள் ஆட்டத்தின் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடர்ந்திருக்கிறார்கள். அடி விழுந்து பல ஆண்டு கழித்துத் தலைகாட்டும் நோய்க்கு இளமையின் வங்கிக் கணக்கு ஈடாகாது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். இருபது வயதுப் பிள்ளையிடம், எதிர்காலத்தை நீயே பார்த்துக்கொள் என்று சொல்வது, அவன் உழைப்பில் பணம் பார்க்கிறவர்களைத் தப்பவிடுவதாகாதா? ஆகும். அதனால்தான் இதைத் தனிமனிதப் புத்திமதியாக மட்டும் நான் சொல்லவில்லை. வீரரை ஏலத்தில் எடுக்கும் அணி, அவர் படிப்பைத் தொடரவும் ஒரு தொழில் பழகவும் ஒப்பந்தத்திலேயே இடம் வைக்க வேண்டும். காயம் பட்டால் ஆட்டம் நின்ற பிறகும் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவரைச் சேர்க்கும் கல்லூரி, கோப்பையை அலமாரியில் வைத்ததோடு நிற்காமல், அவர் தேர்ச்சி பெற்றுப் பட்டத்தோடு வெளியேறுவதையும் தன் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகாவும் ஆடினார். ஆண்களுக்குக் கிடைக்கும் லீக் பணம் பெண்களுக்கு வாய்க்காத நிலையில், படிப்பும் வேலையும்தான் இப்படிப்பட்ட பெண்களுக்கு உறுதியான ஊன்றுகோல்.

பட்டதாரிகளே, இந்த வாதம் உங்களுக்கு எதற்கு? உங்கள் தாத்தா காலத்தில் ஆலையில் சேர்ந்தவர் அங்கேயே ஓய்வு பெறுவார் என்று நம்ப முடிந்தது. இன்று பொறியாளருக்கும் கணக்கருக்கும் கணினி வல்லுநருக்கும் அந்த உறுதி இல்லை. நீங்கள் கற்ற ஒரு திறன், நீங்கள் நாற்பதைத் தொடும் முன்பே பழசாகிப் போகலாம். அப்போது பதறாமல் இருக்க வேண்டுமானால், முதல் வேலை நன்றாக நடக்கும்போதே அடுத்ததைக் கற்றுக்கொள்ளுங்கள். தேவை வந்த பிறகு படிப்பவர் பயத்தில் படிக்கிறார். தேவை வரும் முன் படிப்பவர் ஆர்வத்தோடு படிக்கிறார். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பலர் நாளை ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்வீர்கள். முப்பத்தைந்து வயதில், முன்னனுபவம் இல்லாத ஒரு முன்னாள் வீரர் உங்கள் முன் வந்து நிற்கும்போது, அவர் ஆட்டத்தில் கழித்த ஆண்டுகளை வீணானவையாகப் பார்க்காதீர்கள். தோல்விக்கு மறுநாள் விடியலில் மைதானத்துக்குப் போகத் தெரிந்தவர் அவர், கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வார். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். உங்களுடைய இரண்டாம் தொடக்கத்துக்கும் யாரோ ஒருவர் அப்படி இடம் தர வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டத்துக்காக உழைத்த உங்களையும், உங்களுக்காக உழைத்த பெற்றோர்களையும் ஆசிரியர்களையும் மனமாரப் பாராட்டுகிறேன். எடுத்த பணியில் சிறந்து விளங்குங்கள். அது முடியும் நாளிலும் கற்கத் தயாராக இருங்கள்.