குப்பை வண்டியோடு பத்து நாள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "தூய்மைப் பணியில் மகளிரின் பங்கு". நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவள். மேடையில பேசி பழக்கமில்ல. அதனால என் மூத்த பையன்கிட்ட சொல்லி ரெண்டு பக்கம் எழுதி வாங்கினேன். சுத்தம் சோறு போடும்னு ஆரம்பிச்சு காந்தியடிகள் வரைக்கும் நல்லாத்தான் எழுதியிருந்தான். நேத்து ராத்திரி படிச்சுப் பார்த்தா, நம்ம ஊர்ல தினமும் வண்டி தள்ளுற மூணு பேரைப் பத்தி அதுல ஒரு வரி கூட இல்ல. அந்தத் தாளை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். தப்பா ஏதாவது பேசினா பொறுத்துக்கோங்க.

நம்ம ஊராட்சியில மூணு தூய்மைக் காவலர்கள் இருக்காங்க. 150 வீட்டுக்கு ஒருத்தர்னு அரசாங்கக் கணக்கு. மூணு பேரும் பெண்கள், மூணு பேரும் நம்ம கூட்டமைப்புக் குழுக்கள்ல உறுப்பினர்கள். ஆரம்பத்துல நூறு நாள் வேலை அட்டை வச்சிருந்தவங்கள்ல இருந்துதான் ஆள் எடுத்தாங்க. தமிழ்நாடு முழுக்கப் பார்த்தா 66 ஆயிரம் பேருக்கு மேல இந்த வேலையில இருக்காங்க. மாசம் 2,600 ரூபாயா இருந்தது, அப்புறம் 3,600 ஆச்சு, பிறகு 5,000 ஆச்சு. அதைச் சம்பளம்னு சொல்லக் கூடாதாம், மதிப்பூதியம்னு சொல்லணுமாம். அதுல மதிப்பு எவ்வளவு இருக்குன்னு பின்னால சொல்லுதேன்.

போன வருஷம் ஆடி மாசம். குற்றாலத்துக்குப் பக்கத்துல வாக்கப்பட்டவங்களுக்குத் தெரியும், சாரல் விழுந்து சீசன் ஆரம்பிச்சா சொந்தக்காரங்களுக்கு நம்ம மேல பாசம் கூடிரும். எங்க வீட்டுல நாத்தனார் குடும்பம் ஒன்பது பேர் வந்திருந்தாங்க. ஐந்தருவிக்குப் போற அவசரத்துல சின்னப் பிள்ளை ஒண்ணு கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைச்சிருச்சு. பிள்ளைங்க காலுல குத்திரும்னு நான் வாரியலால கூட்டி, காய்கறித் தோலு, மிச்சச் சோறு கிடந்த பைக்குள்ள தட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு, மறுநாள் காலையில வண்டியில கொடுத்துட்டேன். பச்சை வாளி, நீல வாளின்னு குழுக் கூட்டத்துல மத்தவங்களுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தோணல.

அந்தப் பையைத் தரம் பிரிக்கிற கூடத்துல வச்சுப் பிரிச்சப்போ நம்ம காவலர் அக்கா கையில கண்ணாடி ஏறிருச்சு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. ஆறு தையல். சாயங்காலம் தெருவுல பேசிக்கிட்டாங்க, "யாரோ பையில கண்ணாடி போட்டுட்டாங்களாம்". அந்த யாரோ யாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் வாயே திறக்கல. இதை இந்த மேடையில சொல்ல எனக்கு வெட்கமாத்தான் இருக்கு.

மூணாவது நாள் பழமும் ரொட்டியும் வாங்கிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். "அக்கா, அது எங்க வீட்டுப் பை"ன்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. "அது எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. எந்த வீட்டுப் பையில என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுல முருங்கைக்கீரை காம்பு, அதுவும் ஜவுளிக்கடைப் பையில"ன்னாங்க. தெரிஞ்சும் யார்கிட்டயும் என் பேரைச் சொல்லல. அதுக்கு மேல எனக்கு அங்க உட்கார முடியல. தையல் பிரிக்க பத்து நாளாகும், அது வரைக்கும் மத்த ரெண்டு பேரும் சேர்த்துப் பார்த்துக்கணும்னு சொன்னாங்க. "அந்தப் பத்து நாளும் நான் வாரேன்"னு வாயில வந்துருச்சு.

வீட்டுல பெரிய சண்டை. எங்க அத்தை, "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? தெருத்தெருவா குப்பை அள்ளப் போனா நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பொண்ணு கொடுப்பானா?"ன்னு கேட்டாக. பையனுக்கு அப்போ பதினாலு வயசு! என் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, ரெண்டு நாள் சாப்பாட்டை மட்டும் பேசாம சாப்பிட்டுட்டுப் போனார்.

காலையில ஆறரைக்கு வண்டி கிளம்பும். மூணு சக்கர வண்டி, மிதிச்சு ஓட்டுறது. மேட்டுத் தெருவுல தள்ளத்தான் முடியும். சாரல் நேரத்துல மழைக்கோட்டு போட்டா உள்ளே வேர்த்து நனையும், போடாட்டி வெளியே நனையும். முதல் நாளே எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. ஒரு பையைத் திறந்தா என்னெல்லாம் வருதுங்கீங்க? சாம்பார், குழந்தைக்குப் போட்ட டயபர், சவரம் பண்ணின பிளேடு, சர்க்கரை நோயாளி போட்ட இன்சுலின் ஊசி, நாம மாசத்துல மூணு நாள் வைக்கிறது. எல்லாம் ஒரே பையில. 2016-ல மத்திய அரசு கொண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே இருந்தது, நாப்கின், டயபரைத் தனியா பொதிஞ்சு கொடுக்கணும்னு. விதி டெல்லியில இருக்கு, பை நம்ம வாசல்ல இருக்கு. ஆம்பிளைங்க கண்ணுல படக் கூடாதுன்னு நாம காய்கறிக்கு அடியில ஒளிச்சு வைக்கோம். யாரு கண்ணுல படாம? அதை எடுக்கிறவளும் பொம்பளைதானே, அவ கையில படுதே.

நான் பார்த்ததுல மறக்க முடியாதது ஒண்ணு. ஒரு வீடு இருக்கு. வீட்டைச் சொல்ல மாட்டேன், அவங்களும் நம்ம குழுதான். சந்தா வாங்க நான் எப்போ போனாலும் எவர்சில்வர் டம்ளர்ல காப்பி தருவாங்க. வண்டியோட போன அன்னைக்கும் காப்பி கொடுத்தாங்க, நல்ல மனசுதான். ஆனா பேப்பர் கப்புல. அதே வாசல், அதே நான். குடிச்சு முடிச்சதும் "வண்டியிலயே போட்டுருங்க"ன்னாங்க. 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணின 14 பொருள்ல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் ஒண்ணு. அதை அங்க சொல்லியிருக்கலாம். எனக்குக் காப்பி தொண்டையில நின்னுருச்சு, சொல்லல. வருஷக் கணக்கா அந்தத் தெருவுல பேப்பர் கப்புல குடிக்கிற அக்காகிட்ட கேட்டேன். "காப்பி வருதுல்லா, அதுவே பெருசு"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை ஓடைக்கரைத் தோப்புக்குப் போனோம். சீசன் கூட்டம் அருவியில குளிச்சிட்டு வந்து சமைச்சுச் சாப்பிடுற இடம். பிரியாணிப் பொட்டலம், தண்ணி பாட்டில், ஷாம்பு பாக்கெட், எண்ணெய்ப் பாட்டில், உடைஞ்ச பீர் பாட்டில். அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கக் கூடாதுன்னு மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2014-லயே சொல்லிருச்சு. அருவிக்கரையில போலீஸ் நிக்கிறதால அங்க கொஞ்சம் குறைஞ்சிருக்கு. கீழ ஓடையில யாரு நிப்பா? நாங்க ரெண்டு பேரும்தான் நின்னோம், எட்டுச் சாக்கோட. அங்க கிடக்கிற ஷாம்பு பாக்கெட் மழைக்குச் சிற்றாறுல இறங்கும். தென்காசி தாண்டி ஓடி, சீவலப்பேரியில தாமிரபரணியோட சேரும். அந்தத் தண்ணியைக் குடிக்கிற ஊர் எத்தனை! பீர் பாட்டில் சில்லு வயல்ல இறங்கினா நாத்து நடுற நம்ம காலுலதான் ஏறும். குளிக்க வர்றவங்களைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேணும். அவங்க வரலைன்னா நம்ம குழுக்காரங்க பாதிப் பேருக்கு நெல்லிக்கா, வத்தல் வியாபாரம் இல்ல, அதுவும் நிசம்.

2024 டிசம்பர்ல கேரளாவுல இருந்து ஆஸ்பத்திரிக் கழிவை லாரியில கொண்டு வந்து திருநெல்வேலி மாவட்டத்து ஊர்கள்ல கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, அவங்களே வந்து திருப்பி அள்ளிட்டுப் போனாங்க. நாம எல்லாரும் டிவியில பார்த்துக் கொதிச்சோம். கூடத்துல ஊசி பொறுக்குற அக்கா சொன்னாங்க: "அது லாரியில வந்துச்சு, அதனால கேமரா வந்துச்சு. இது ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒண்ணொண்ணா வருது."

கூடத்துல என்ன நடக்குதுன்னு நம்மள்ல பல பேர் பார்த்ததே இல்ல. மக்குற குப்பை தொட்டிக்குப் போகும், சாணி கரைச்சு ஊத்தி மண்புழு விட்டு உரமாக்குவாங்க. அட்டை, இரும்பு, பால் கவர் பழைய சாமான் கடைக்கு. மெல்லிசு பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி ரோடு போட அனுப்பலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடிச்ச முறை அது. சூடான ஜல்லியில பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, அதுக்கு மேல தார் சேர்க்கிறது. அவருக்கு 2018-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. ஆனா சோறும் குழம்பும் ஒட்டின பிளாஸ்டிக் எதுக்கும் ஆகாது. அதைக் கழுவ ஒரு அக்கா அரை நாள் உட்காரணும். நாம வீட்டுல பால் கவரை அலசிக் காயப்போட அரை நிமிஷம்.

இப்ப மதிப்பூதியத்துக்கு வாரேன். ஏழாவது நாள், கூடத்துல கஞ்சி குடிக்கும்போது ஒரு அக்கா கம்மலை அடகு வச்சதைப் பத்திப் பேச்சு வந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேன் பணம். ரெண்டு மாசமா மதிப்பூதியம் வரலையாம். "மேல இருந்தே இன்னும் வரலையா?"ன்னு நான் நியாயம் கேட்கிற மாதிரி கேட்டேன். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. பிறகு ஒருத்தர் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க, "பணம் கூட்டமைப்புக் கணக்குக்கு வந்துட்டு. கையெழுத்துதான் பாக்கி."

நம்ம ஊர்ல இந்தப் பணம் கூட்டமைப்புக் கணக்கு வழியா போகுது. ரெண்டு கையெழுத்து வேணும். தலைவி போட்டாச்சு. பொருளாளர் போடல. பொருளாளர் நான். தலைவி என்னை மூணு தடவை கூப்பிட்டாங்க. "வீட்டுல விருந்தாளி இருக்காங்க, சீசன் முடியட்டும்"னு நானே சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன், பணம் வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மறுநாள் வண்டியை முடிச்சிட்டு அதே உடுப்போட பேங்குக்குப் போனேன். கம்மலுக்கு ஏறின வட்டியை நான் கொடுத்தேன். வாங்க மாட்டேன்னாங்க, பிள்ளை கையில வச்சிட்டு வந்தேன்.

அடுத்த மாசக் கூட்டத்துல நான் இதைச் சொன்னப்போ சில பேர் என்னைத் திட்டினாங்க, சில பேர் அழுதாங்க. தீர்மானம் போட்டோம். பணம் கணக்குக்கு வந்த மூணு நாளைக்குள்ள கையெழுத்து. போடாத பொறுப்பாளர் பேரைக் கூட்டத்துல வாசிக்கணும். இது வரைக்கும் ஒரு தடவை வாசிச்சிருக்கோம், அது யாருன்னு கேட்காதீங்க. கண்ணாடி, பிளேடு, ஊசி எல்லாம் டப்பாவுல போட்டு மூடி சனிக்கிழமை மட்டும். நாப்கின், டயபரைப் பேப்பர்ல சுத்தி சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால பெருக்கல் குறி போட்டு. தெற்குத் தெருக் குழுக்கள் நல்லா செய்யுது. எங்க தெருவுல பாதிதான். கையுறை வாங்கிக் கொடுத்தோம், அதுலயும் எங்க புத்தியைக் காட்டிட்டோம். விலை குறைச்சலா ரப்பர்ல வாங்கினோம். உள்ளே வேர்த்து வழுக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டாங்க. ரெண்டாவது தடவை அவங்களையே தென்காசிக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் வாங்கினோம், அதைத்தான் போடுதாங்க. முதல்லயே கேட்டிருந்தா அந்தப் பணம் மிச்சம்.

காவலர்களைப் பத்தி வேற சேதியும் சொல்லணும். மூணு பேர்ல ஒருத்தர் ஜவுளிக்கடை வேலைக்குப் போயிட்டாங்க. அங்க இதைவிட நாலாயிரம் கூட. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க இடத்துக்குப் புதுசா ஒரு தங்கச்சி வந்திருக்கு, பன்னிரண்டு முடிச்ச பிள்ளை, எடை போட்டுக் கணக்கெல்லாம் நோட்டுல அழகா எழுதுது. பேட்டரி வண்டி ஒண்ணு வந்திருக்கு, மேட்டுத் தெருவுலயும் ஏறுது. கை கிழிஞ்ச அக்காவுக்குப் பெருவிரல் இன்னும் முழுசா மடங்கல. பூ கட்டும்போதுதான் கஷ்டமா இருக்குன்னாங்க. அவங்க மகள் நர்சிங் சேர்ந்திருக்கு.

மூணு பேரும் அதோ நாலாவது வரிசையில ஓரமா உட்கார்ந்திருக்காங்க. முன்னால வந்து உட்காருங்கன்னு ரெண்டு தடவை சொல்லியாச்சு, வர மாட்டேங்காங்க. இன்னைக்கு விழா முடிஞ்சதும் இந்த மண்டபத்தைக் கூட்டப் போறதும் அவங்கதான். அதனால ஒரு வேண்டுகோள். சாப்பிட்ட இலையைப் பின்னால வெட்டி வச்சிருக்கிற குழியில நீங்களே போட்டுருங்க. தண்ணி பாட்டிலுக்கு வாசல்ல சாக்கு கட்டியிருக்கு. காப்பிக்குப் பேப்பர் கப் இல்ல, நம்ம குழுக்கள்ல இருந்து இருநூறு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வந்திருக்கோம். மூணு காவலர்களுக்கும் அதே டம்ளர்தான். குடிச்ச டம்ளரை அவங்கவங்க கழுவி வச்சிட்டா எண்ணிக் கொடுக்க எனக்குச் சுலபம்.